காதல் பித்தும் அடமானக் கடனும்: ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் அழிவு நடக்கும் விதம்

எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் 34 அத்தியாயங்கள். கதாநாயகி கேத்தரின் எர்ன்ஷா இறந்துபோவது 16ஆம் அத்தியாயத்தில். அதற்குப் பின்னும் பாதி நாவல் மிச்சம் இருக்கிறது. கதை நடக்கும் காலத்தை வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான்: அவள் சாவது 1784 மார்ச்சில், அவளையே நினைத்து வாழ்ந்த ஹீத்கிளிஃப் சாவது 1802இல். நடுவில் உள்ள இந்த 18 ஆண்டுகளை எடுத்துவிட்டால், சேர முடியாமல் போன இருவரின் சோகக் காதல் கதைதான் கையில் மிஞ்சும். 1939இல் வில்லியம் வைலர் இயக்கிய ஹாலிவுட் படம் அதைத்தான் செய்தது. அடுத்த தலைமுறையை முழுசாக வெட்டிவிட்டது. நாவலைப் படிக்காமல் பெயரளவில் அறிந்தவர்கள் பலருடைய மனதில் தங்கியிருப்பது அந்தப் பாதிக் கதைதான்.

எழுதப்பட்ட நாவல் வேறு. அதில் காதல் பித்து ஒருவனுடைய நெஞ்சுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. சீட்டாட்டக் கடனாகவும் அடமானப் பத்திரமாகவும் வெளியே வருகிறது. ஒரு சிறுவனுக்கு எழுத்து மறுக்கப்படுவதிலும், ஒரு பெண்ணைப் பூட்டிவைத்துத் தாலியில்லாத குறையாகக் கட்டிவைப்பதிலும் அது தொடர்கிறது. காதலில் ஈடுபட்ட இருவரைவிட, அந்தக் காதலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்று பிள்ளைகள்தான் அதிகம் இழக்கிறார்கள். எமிலி இதைத் தேதி பிசகாமல் கட்டியிருக்கிறார். எந்த இடத்தில் எது எதுவாக மாறுகிறது என்று அந்தக் கட்டுமானத்தின் வழியே போய்ப் பார்ப்பதுதான் இந்த நாவலுக்குச் செய்யும் நியாயம்.

நான்கு மைல் இடைவெளி

நாவல் 1847 டிசம்பரில் லண்டனில் வெளியானது. பதிப்பாளர் தாமஸ் காட்லி நியூபி. எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் எமிலி எழுதிய இந்த நாவல் இரண்டு தொகுதிகளாகவும், தங்கை ஆன் எழுதிய ‘ஆக்னஸ் கிரே’ மூன்றாம் தொகுதியாகவும் சேர்ந்தே வந்தன. அடுத்த ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி எமிலி 30 வயதில் இறந்துபோனார். அவர் எழுதிய ஒரே நாவல் இது.

கதை வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் நடக்கிறது. குன்றின் மேல் காற்றடிக்கும் பண்ணைவீடு வுதரிங் ஹைட்ஸ், எர்ன்ஷா குடும்பத்துடையது. நான்கு மைல் தள்ளிப் பள்ளத்தாக்கில் பூங்காவோடு இருக்கும் பெரிய வீடு த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச், லிண்டன் குடும்பத்துடையது. 1771 கோடையில் பெரியவர் எர்ன்ஷா லிவர்பூலுக்கு 60 மைல் நடந்தே போய்விட்டு, தெருவில் பட்டினி கிடந்த ஒரு சிறுவனோடு திரும்புகிறார். மகன் ஹிண்ட்லி கேட்டிருந்த பிடில் வழியில் நொறுங்கிப் போகிறது. மகள் கேத்தரின் கேட்டிருந்த சாட்டை தொலைந்து போகிறது. இந்தப் பையனைத் தூக்கிச் சுமந்ததால் வந்த நஷ்டம் அது. அந்த வீட்டில் இறந்துபோன ஒரு பிள்ளையின் பெயரையே அவனுக்கு வைக்கிறார்கள்: ஹீத்கிளிஃப். பெயருக்குப் பின்னால் குடும்பப்பெயர் எதுவும் கிடையாது.

அப்பா இருக்கும்வரை அவன் செல்லப்பிள்ளை. 1777இல் அவர் இறந்ததும் ஹிண்ட்லி எஜமானாகி, அவனைப் படிப்பிலிருந்து நிறுத்திப் பண்ணையாள் ஆக்கிவிடுகிறான். கேத்தரினும் ஹீத்கிளிஃபும் மேட்டுநிலத்தில் ஒன்றாகத் திரிவது இருவருக்கும் அடிக்கும் கைக்கு எட்டாத ஒரே இடம். இந்த நெருக்கம் எதில் முளைத்தது என்பதை மறக்கக் கூடாது. இரண்டு பிள்ளைகள் ஒரே கொடுமைக்கு எதிராக ஒட்டிக்கொண்டதில் முளைத்தது. கேத்தரின் பின்னால் ஜன்னியில் பிதற்றும்போது தன்னை 12 வயதுச் சிறுமியாகவே நினைக்கிறாள். நடுவில் போன ஏழு ஆண்டுகள் அவள் நினைவில் வெறுமையாக இருக்கின்றன. வளர்ந்த இருவரின் காதல் என்று அதை அழைப்பதே சந்தேகத்துக்குரியது. 12 வயதில் நின்றுபோன ஒன்று வளர்ந்த உடம்புகளுக்குள் இருந்துகொண்டு ஆட்டுகிறது என்பதே சரியாக இருக்கும்.

கேட்கப்படாத இரண்டாம் பாதி

ஒன்பதாம் அத்தியாயத்தின் சமையலறைக் காட்சி நாவலிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. எட்கர் லிண்டன் கேத்தரினிடம் திருமணம் கேட்டிருக்கிறான். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு வீட்டுப் பணிப்பெண்ணும் இந்தக் கதையை நமக்குச் சொல்பவளுமான நெல்லி டீனிடம் மனதைக் கொட்டுகிறாள். “நெல்லி, நான்தான் ஹீத்கிளிஃப்” என்ற வரி வருவது அங்கேதான். வாழ்த்து அட்டைகள்வரை ஏறிவிட்ட வரி. அது எந்த இடத்தில், யாருடைய முதுகுக்குப் பின்னால் சொல்லப்படுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். இருட்டில் பெஞ்சில் படுத்திருந்த ஹீத்கிளிஃப், “இப்போது ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் அது எனக்கு இழிவு” என்று அவள் சொல்வதுவரை கேட்கிறான். எழுந்து சத்தமில்லாமல் வெளியே போய்விடுகிறான். அவனும் தானும் ஒரே ஆன்மா என்று அவள் சொல்வதெல்லாம் அவன் போன பிறகு. அவன் போவதை நெல்லி பார்க்கிறாள். அப்போது வாய் திறப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எட்கரைக் கட்டிக்கொள்வதற்குக் கேத்தரின் சொல்லும் காரணங்களில் ஒன்று, அவன் பணத்தை வைத்து ஹீத்கிளிஃபைத் தன் அண்ணனின் பிடியிலிருந்து மீட்கலாம் என்பது. அதைவிட மோசமான காரணத்தை நீ இதுவரை சொல்லவில்லை என்று நெல்லி சரியாகவே கடிந்துகொள்கிறாள். இந்தத் திட்டத்துக்கு எட்கரின் சம்மதம் வேண்டும், ஹீத்கிளிஃபின் சம்மதமும் வேண்டும். இருவரையும் அவள் கேட்கவில்லை. எட்கர் பொறுத்துக்கொள்வான் என்று எடுத்துக்கொள்கிறாள். ஹீத்கிளிஃப்தான் ‘நான்’ ஆயிற்றே, அவனிடம் தனியாகக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அழிவு தொடங்குவது இங்கேதான் என்பது என் வாசிப்பு. எதிரே இருப்பவரைத் தன்னில் ஒரு பகுதியாக நினைத்துவிட்டால், அவருக்கென்று ஒரு விருப்பமும் காயமும் உண்டு என்பதே தெரியாமல் போகிறது. ஹீத்கிளிஃபும் அதையேதான் செய்கிறான். பாதி வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்காமல் மூன்று ஆண்டுகள் காணாமல் போகிறான். ஒரே ஆன்மா என்று சொல்லிக்கொள்ளும் இருவர் தங்கள் வாழ்க்கையின் மிக முக்கியமான விஷயத்தைப் பற்றி நேருக்கு நேர் ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

முதல் பலி உடனே விழுகிறது. அவனைத் தேடி இரவெல்லாம் மழையில் நனைந்த கேத்தரினுக்குக் காய்ச்சல் வருகிறது. குணமாகும் நாட்களில் அவளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட எட்கரின் அப்பா அம்மா இருவரும் அதே காய்ச்சல் தொற்றிச் சில நாள் இடைவெளியில் இறந்துபோகிறார்கள். எமிலி இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார். பித்தின் வழியில் சும்மா நின்றவர்களுக்கு என்ன ஆகும் என்று பின்னால் நீளமாக வரப்போகிறதற்கு இது முன்னோட்டம்.

உடம்பு தாங்காத இடம்

1783 செப்டம்பரில் ஹீத்கிளிஃப் பணத்தோடும் கம்பீரத்தோடும் திரும்பி வருகிறான். கேத்தரின் அப்போது எட்கரின் மனைவி. இருவரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற அவள் கணக்கு சில மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1784 ஜனவரியில் சமையலறையில் மோதல். கதவைப் பூட்டிச் சாவியை நெருப்பில் எறிந்துவிட்டு, கணவனும் ஹீத்கிளிஃபும் நேருக்கு நேர் நிற்கும்படி செய்கிறாள் கேத்தரின். எட்கர் அவன் தொண்டையில் ஓங்கி அடிக்கிறான். அதன்பின் அவள் தன் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கிறாள்.

இந்த மூன்று நாட்களை எமிலி ஒரு மருத்துவர் குறிப்பெடுப்பதைப் போல எழுதியிருக்கிறார். தலையணையைப் பல்லால் கிழித்து இறகுகளை வகைவகையாகப் பிரித்து அடுக்குவது, கண்ணாடியில் தெரியும் தன் முகமே யாரென்று தெரியாமல் பயப்படுவது, உறைபனியில் ஜன்னலைத் திறந்து நான்கு மைலுக்கு அப்பால் தெரியவே முடியாத வீட்டின் விளக்கைப் பார்ப்பதாகச் சொல்வது. தான் சாப்பிடாமல் இருப்பது கணவனையும் ஹீத்கிளிஃபையும் தண்டிக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறாள். எட்கர் நூலகத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு விஷயமே தெரியாது. தெரிந்த நெல்லி அதை நடிப்பென்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். தன்னை வருத்தி மற்றவரைப் பணியவைப்பது ஒரு பேரம். எதிர்த்தரப்புக்குச் செய்தியே போய்ச் சேராவிட்டால், பேரம் பேசியவரின் உடம்பு மட்டும் தேய்கிறது. அவள் அதிலிருந்து எழவே இல்லை.

மார்ச்சில் நடக்கும் கடைசிச் சந்திப்பைக் காதலின் உச்சம் என்று சொல்பவர்கள் அதில் உள்ள விவரங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எழ முயலும் ஹீத்கிளிஃபின் முடியைப் பிடித்து அவள் இழுத்து வைத்திருக்கிறாள். அவன் கையை எடுத்தபோது ரத்தமற்ற அவள் தோலில் நான்கு விரல்களின் நீலத் தடம் இருந்ததை நெல்லி எண்ணிச் சொல்கிறாள். இருவரும் மாறி மாறி, என் சாவுக்கு நீ காரணம், உன் சாவுக்கு நீயே காரணம் என்று குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். அவள் வயிற்றில் ஏழு மாதக் குழந்தை இருப்பதைப் பற்றி இருவரில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. அன்று நள்ளிரவு குழந்தை பிறக்கிறது. இரண்டு மணிநேரத்தில் தாய் போய்விடுகிறாள். தேதி மார்ச் 20.

தமிழ் அகமரபில் இதற்கு ஓர் இடம் உண்டு. தொல்காப்பியம் பெருந்திணைக்குச் சொல்லும் நான்கு அடையாளங்களில் ஒன்று ‘தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்’. எந்த ஆறுதலும் ஏற்காமல் எல்லை மீறிய வேட்கையை ஐந்திணைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். எமிலியோ அந்த வெளியே நிறுத்தப்பட்டதற்குள் போய், 18 ஆண்டுகள் அது என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்து எழுதினார்.

சட்டத்துக்கு உட்பட்டே நடக்கும் கொடுமை

கேத்தரின் இறந்த விடியலில் ஹீத்கிளிஃப் மரத்தில் தலையை மோதி ரத்தம் வழிய நிற்கிறான். “நான் உயிரோடு இருக்கும்வரை உனக்கு அமைதி கிடைக்கக் கூடாது, பேயாக வந்து என்னைத் தொடர்” என்று இறந்தவளைச் சபிக்கிறான். அவள் இனி இல்லை என்பதைக்கூட அவன் ஏற்கவில்லை. பித்துக்கு இனி ஆள் கிடையாது. ஆனால் அதற்குத் தேவையான கருவிகள் கேத்தரின் சாவதற்கு முன்பே அவன் கைக்கு வந்துகொண்டிருந்தன.

1926இல் சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் இந்த நாவலின் கட்டமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆண்டுகளை நாவல் மிக அரிதாகத்தான் வெளிப்படையாகச் சொல்கிறது. வயது, பருவம், பிறந்தநாள் என்று சிதறிக் கிடக்கும் குறிப்புகளிலிருந்து ஏறக்குறைய எல்லாத் தேதிகளையும் கணக்கிட முடியும் என்று சாங்கர் காட்டினார். ஹீத்கிளிஃப் இரண்டு சொத்துகளையும் கைப்பற்றும் விதம் அக்கால ஆங்கிலச் சொத்துச் சட்டத்தோடு பொருந்திப் போகிறது என்பதையும் காட்டினார். ஒரு பாதிரியார் வீட்டில் வளர்ந்து அரிதாகவே வெளியூர் போன பெண், இவ்வளவு துல்லியமாகச் சட்டம் தெரிந்து எழுதியிருக்கிறார். அது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

முதலில் வுதரிங் ஹைட்ஸ். மனைவியை இழந்து குடியில் விழுந்திருந்த ஹிண்ட்லிக்குச் சீட்டாட்டம் இன்னொரு பழக்கம். திரும்பி வந்த ஹீத்கிளிஃப் நல்ல வாடகை தருவதாகச் சொல்லி அதே வீட்டில் தங்குகிறான், இரவெல்லாம் சீட்டாடுகிறான், ஹிண்ட்லி தோற்கத் தோற்க நிலத்தின் மேல் கடன் கொடுக்கிறான். 1784 செப்டம்பரில் ஹிண்ட்லி 27 வயதில் சாகும்போது, ஒவ்வொரு கெஜ நிலமும் அடமானத்தில் இருக்கிறது. அடமானம் பிடித்தவன் ஹீத்கிளிஃப். இதில் திருட்டு எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் பத்திரம் இருக்கிறது.

கிரேஞ்சுக்கு வழி வேறு. எட்கரின் அப்பா அந்தச் சொத்தை யாருக்குப் பின் யாருக்கு என்று கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார். எட்கருக்கு ஆயுள்வரை, அவனுக்கு மகன் இருந்தால் மகனுக்கு, இல்லையென்றால் எட்கரின் தங்கை இசபெல்லாவுக்கும் அவள் மகனுக்கும். எட்கருக்குப் பிறந்தது மகள் கேத்தி. ஆகவே அது அவளுக்கு வராது. இசபெல்லா தன்மேல் மயங்கியிருக்கிறாள் என்று தெரிந்தவுடன் ஹீத்கிளிஃப் கேத்தரினிடம் கேட்ட ஒரு கேள்வி: “அவள்தானே அண்ணனின் வாரிசு?”

இசபெல்லா இந்த நாவலின் இரண்டாவது பித்து. அவளைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. ஹீத்கிளிஃப் எப்படிப்பட்டவன் என்று கேத்தரினே நேராகச் சொல்கிறாள்: இரக்கமற்ற ஓநாய் மாதிரி மனிதன், உன்னைக் குருவி முட்டையைப் போல நசுக்கிவிடுவான். பொறாமையில் சொல்கிறாள் என்று இசபெல்லா நினைக்கிறாள். வீட்டை விட்டு ஓடும் இரவிலேயே அவளுடைய செல்ல நாயை அவன் கைக்குட்டையில் கட்டித் தொங்கவிட்டதைக் கண்ணால் பார்த்தும் நிற்கவில்லை. கதைகளில் வரும் நாயகனாகத் தன்னை அவள் கற்பித்துக்கொண்டதாக ஹீத்கிளிஃபே பின்னால் ஏளனம் செய்கிறான். கல்யாணமான மறுநாளே கனவு கலைந்துவிடுகிறது.

14ஆம் அத்தியாயத்தில் அவன் நெல்லியிடம் சொல்வது, இந்த நாவலில் எனக்கு மிகவும் அச்சமூட்டும் பேச்சு. அவளை எவ்வளவு வதைத்தாலும் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுகொள்வதாகவும், பிரிந்துபோக உரிமை கோரும்படியான காரணம் எதையும் அவளுக்குக் கொடுக்கவில்லை என்றும் விளக்குகிறான். பிறகு அவளைப் பார்த்து, உன்னைப் பார்த்துக்கொள்ள உனக்குத் தகுதி இல்லை, சட்டப்படி நானே உன் பாதுகாவலன் என்று சொல்லி மாடிக்கு அனுப்புகிறான். தலையை மரத்தில் மோதிக்கொள்ளப் போகிறவனும், இப்படிச் சட்டம் பார்த்து அளந்து நடப்பவனும் ஒரே ஆள். காதல் வெறியில் தன்னை மறந்து செய்துவிட்டான் என்ற வாதம் இங்கே எடுபடாது. எங்கே நிதானம் வேண்டுமோ அங்கே அவனிடம் நிதானம் நிறையவே இருக்கிறது.

இசபெல்லா தப்பித்துத் தெற்கே போய், மகன் லிண்டனைப் பெற்று வளர்க்கிறாள். 1797இல் அவள் இறக்கிறாள். எட்கர் பையனை அழைத்து வந்த அன்று மாலையே ஹீத்கிளிஃபின் ஆள் வந்து வாசலில் நிற்கிறான். பிள்ளை தகப்பனுக்கே சொந்தம். அன்றைய சட்டத்தில் அதற்கு மறுப்பு கிடையாது. மாமன் வீட்டில் அந்த நோயாளிப் பையன் தங்கியது ஒரே ஓர் இரவு. கைக்குழந்தைகளையாவது தாயிடம் விடலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1839இல். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் 1882இல். கதை நடப்பது இரண்டுக்கும் வெகுகாலம் முன்பு.

மூன்று பிள்ளைகள்

ஹிண்ட்லியின் மகன் ஹேர்டன், தகப்பன் செத்தபோது ஆறு வயதுப் பிள்ளை. “இனி நீ என்னுடையவன். ஒரே காற்று முறுக்கினால் இந்த மரமும் அந்த மரத்தைப் போலவே கோணலாக வளராதா, பார்ப்போம்” என்கிறான் ஹீத்கிளிஃப். ஹிண்ட்லி தனக்குச் செய்ததை அவன் மகனுக்குச் செய்து பார்க்கிறான். அடிப்பதில்லை. எழுத்துச் சொல்லித் தருவதில்லை, கெட்ட பழக்கம் எதையும் கண்டிப்பதில்லை, அவ்வளவுதான். ஹேர்டன் பிறந்த வீட்டில் கூலி இல்லாத வேலைக்காரனாக வளர்கிறான். வாசற்கதவின் மேல் 1500 என்ற ஆண்டோடு அவன் பெயரே செதுக்கியிருக்கிறது. அது அவனுடைய முன்னோர் ஒருவரின் பெயர். அதை அவனால் படிக்க முடியாது.

சொந்த மகன் லிண்டனுக்கு எதிர்மாறான கவனிப்பு. வாரத்துக்கு மூன்று முறை வந்து கற்பிக்க 20 மைல் தொலைவிலிருந்து ஆசிரியர், தனி அறை, நல்ல சாப்பாடு. எட்கருக்கு முன்னால் பையன் செத்துவிட்டால் கிரேஞ்சின் மேல் பிடி போய்விடும் என்பதால்தான் இவ்வளவும். பையனைக் கேத்தியோடு கட்டிவைத்து, காரியம் முடிந்த பிறகு என்ன ஆகிறது தெரியுமா? சாகக் கிடக்கும் அவனுக்கு மருத்துவரை அழையுங்கள் என்று கேத்தி கெஞ்சும்போது, அவன் உயிர் கால் காசு பெறாது, அதற்கு நான் கால் காசு செலவழிக்க மாட்டேன் என்று பதில் வருகிறது. ஒரு சிறுவனின் உடல்நலத்துக்கு எத்தனை நாள்வரை செலவழிக்கலாம் என்று சொத்துக் கணக்கு தீர்மானிக்கிறது. காதலிக்காகப் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொள்பவன் தன் மகனை நடத்தும் முறை இது.

கேத்திக்கு விரிக்கப்பட்ட வலைக்கு எட்கரும் அறியாமல் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். மகளுக்கென்று ஆண்டுதோறும் பணம் சேர்த்துவைத்தார். ஆனால் அவள் பிறந்த வீட்டிலேயே வாழ வேண்டும் என்றால் வாரிசான லிண்டனைக் கட்டினால்தான் முடியும் என்று நினைத்தார். அந்தப் பையன் சாகப்போகிறவன் என்பது அவருக்குத் தெரியவில்லை. 1801 ஆகஸ்டில் ஹீத்கிளிஃப் கேத்தியையும் நெல்லியையும் வீட்டுக்குள் வரவழைத்துப் பூட்டுகிறான். சாவியைப் பிடுங்க வந்த 17 வயதுப் பெண்ணை இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைகிறான். நெல்லி அடைபட்டிருந்தது ஐந்து இரவு, நான்கு பகல். அதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. மகளின் பணத்தைப் பிறர் பொறுப்பில் கட்டிவைத்து உயிலை மாற்ற எண்ணிய எட்கர் வழக்கறிஞருக்கு ஆள் அனுப்புகிறார். அந்த வழக்கறிஞரோ ஏற்கெனவே ஹீத்கிளிஃபின் கையாள், வேண்டுமென்றே தாமதிக்கிறார். எட்கர் செப்டம்பரில் இறக்கிறார். அடுத்த மாதம் லிண்டன்.

சாவதற்கு முன் தன்னுடையதும் மனைவியுடையதுமான அசையும் சொத்து முழுவதையும் தகப்பனுக்கு எழுதிவைக்க லிண்டனை மிரட்டியும் தாஜா செய்தும் சம்மதிக்க வைத்தாயிற்று. நிலத்தை மட்டும் மைனரான அவனால் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனாலும் ஹீத்கிளிஃப் அதையும் வைத்துக்கொள்கிறான். கேத்தியிடம் பணமும் இல்லை, பேச ஆளும் இல்லை, எனவே அவளால் அசைக்க முடியாது என்கிறாள் நெல்லி. அதுவரை சட்டம் அவனுக்கு உதவியது. சட்டம் உதவாத இடத்தில் எதிராளியின் ஏழ்மை உதவியது.

ஏன் நின்றது?

எல்லாம் கைக்கு வந்த பிறகு ஹீத்கிளிஃப் நிறுத்திவிடுகிறான். 33ஆம் அத்தியாயத்தில் அவனே விளக்குகிறான்: இரண்டு வீடுகளையும் இடிக்கக் கடப்பாரையும் மண்வெட்டியும் சேர்த்தேன், உடம்பைத் தயார் செய்தேன், எல்லாம் ஆயத்தமான பிறகு கூரையிலிருந்து ஒரே ஓர் ஓடு எடுக்கக்கூட மனம் வரவில்லை. இதை மனந்திரும்பல் என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் செய்த அநியாயம் எதற்கும் வருந்தவில்லை என்று சாகும் தறுவாயிலும் சொல்கிறான். அவன் மாறவில்லை, அவனுடைய கவனம் முழுவதும் இன்னொரு பக்கம் போய்விட்டது.

எட்கருக்குக் குழி வெட்டிய நாளில், குழி வெட்டுபவனைக் கொண்டு மண்ணை விலக்கிக் கேத்தரினின் சவப்பெட்டியைத் திறந்து முகத்தைப் பார்க்கிறான். தன்னைப் பக்கத்தில் புதைக்கும்போது இரண்டும் கலந்துபோகும்படி அதன் பக்கவாட்டுப் பலகையைத் தளர்த்தி வைக்கிறான். 18 ஆண்டு இரவும் பகலும் அவள் தன்னை அலைக்கழித்ததாகவும், அன்றுதான் அமைதியாகத் தூங்கியதாகவும் நெல்லியிடம் சொல்கிறான். தரையைப் பார்த்தால் பாவுகல்லில் அவள் முகம். ஹேர்டனைப் பார்த்தால் அவள் கண்கள். மூச்சு விடுவதைக்கூடத் தனக்குத்தானே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறான். கடைசி நான்கு நாள் எதுவும் விழுங்காமல் இறந்துபோகிறான். கேத்தரின் மூன்று நாள் பட்டினியில் தொடங்கிய அதே பாதை. தங்கையின் நாவல் மறுபதிப்பாக 1850இல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதிய சார்லட் பிராண்டேயும், ஹீத்கிளிஃபுக்கு மீட்சி கிடையாது, அழிவை நோக்கி அம்பு போல நேராகப் போனவன் என்றுதான் எழுதினார்.

அவன் உயில் எழுதவில்லை. சொத்தை யாருக்கு விடுவதென்று முடிவு செய்ய முடியவில்லை, முடிந்தால் பூமியிலிருந்தே அழித்துவிடுவேன் என்று சொன்னதோடு சரி. அவனுக்கு வாரிசும் இல்லை. பழைய குடும்பத்துக்கே உரிமை திரும்பியது என்று நெல்லி சொல்லி முடிக்கிறாள். ஹைட்ஸ் ஹேர்டனுக்கும் கிரேஞ்ச் கேத்திக்கும் என்று ஆகிறது.

இதற்கிடையே ஹேர்டனும் கேத்தியும் நெருங்கிவிட்டார்கள். முதலில் அவள் அவனைப் படிப்பறிவில்லாதவன் என்று கேலி செய்தவள்தான். அவன் தட்டுத்தடுமாறிச் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை அவமானத்தில் நெருப்பில் போட்டவன்தான். பிறகு அவள் மன்னிப்புக் கேட்கிறாள். ஒரு புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறாள். வேண்டாமென்றால் மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்லியும் அனுப்புகிறாள். அவனுக்கு மறுக்க இடம் விட்டுக் கேட்கப்படும் கேள்வி அது. முதல் தலைமுறைக் காதலர்கள் இருவரில் எவரும் மற்றவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை.

அந்த அழிவிலிருந்து அவர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதற்கு இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஹீத்கிளிஃப் ஹேர்டனின் அப்பாவுக்கு என்ன செய்தான் என்று சொல்லி அவனைத் திருப்பக் கேத்தி முயல்கிறாள். ஹேர்டன் ஏற்கவில்லை. தனக்கு இருந்த ஒரே தகப்பன் அவன்தான். என் அப்பாவைப் பற்றி நீ தவறாகப் பேசினால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவனுக்கும் என்று கேத்திக்கு அப்போதுதான் புரிகிறது. ஹீத்கிளிஃப் இறந்தபோது ராத்திரி முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது, அவனால் அதிகம் பறிகொடுத்த ஹேர்டன் மட்டுமே. கேத்திக்கு அந்த மனிதன்மேல் அன்பு வர ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சுக்குப் பிறகு ஹேர்டனின் காதுபட அவனைப் பற்றி அவள் ஒரு குறையும் சொன்னதில்லை.